ஐந்தாவது ரீலில் செத்துப்போன மேவிஸ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. குளிர் தாங்காதவர்களுக்கு ஹீட்டர் பக்கம் இடம் விடுங்கள். இன்றைக்கு ஐந்து பேர் செத்துப்போகிற கதை ஒன்று வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், ஐந்து பேரும் சினிமாவில்தான் சாகிறார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம். இங்கிலாந்தில், கென்ட் கடலோரத்தில் எங்கள் ஊர் சீகல் தியேட்டரில், கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை மதியக் காட்சி பென்ஷன்காரர்களுக்கு. அவர்களுக்குப் பிடித்தது பேய்ப்படம். அதிலும் ஒரே படத்துக்குள் ஐந்து கதை வைத்த பேய்ப்படம் என்றால் உயிர். யாரோ ஐந்து பேர் மழைக்கு ஒரு விடுதியில் ஒதுங்குவார்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கடைசியில் கதவைத் திறந்தால், ஐந்து பேரும் எப்போதோ செத்தவர்கள் என்று தெரியும். எல்லாப் படத்திலும் ஏறக்குறைய அதேதான். தெரிந்தே வந்து உட்கார்ந்து, தெரிந்தே திடுக்கிடுவார்கள். ஒரு கதை பிடிக்கவில்லையா, இருபது நிமிஷம் கண்ணயர்ந்தால் அடுத்தது வந்துவிடும். கெட்டவன் எவனும் தப்ப மாட்டான். அவன் எப்படிச் சாகிறான் என்பதில்தான் ருசி. அத்தனை நியாயமான உலகம் வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த வாரப் படத்தில் எங்கள் ஊர் மேவிஸ் நடித்திருந்தாள். பதினைந்து கிறிஸ்துமஸ் நாடகங்களில் இரண்டு பேர் உள்ளே புகுந்து ஆடும் பொம்மைக் குதிரைக்குப் பின்னங்காலாக இருந்தவள். முன்னங்காலுக்குக்கூட அவளை உயர்த்தவில்லை. அறுபது வயதில் முதல்முறையாக அவள் முகம் திரையில் வரப்போகிறது. அதை அக்கா ஹில்டா பார்க்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஹில்டா தங்கையின் நாடகம் எதற்கும் போனதில்லை. "பின்னங்காலைப் பார்க்க டிக்கெட் எதுக்குடி? வீட்டுக்கு வந்து உதைச்சுட்டுப் போ" என்பாள்.

திங்கட்கிழமையே மேவிஸ் என்னிடம் வந்தாள்.

"நோரீன், அக்கா வர்றேன்னுட்டா. ஆனா நான் வர்றது அஞ்சாவது கதையில. அவ மூணு நாப்பது பஸ்ஸுக்கு எழுந்து போயிடுவா."

"ஒரு நாள் அடுத்த பஸ்ல போகச் சொல்லேன்."

"அஞ்சு மணிக்கு அவ புருஷன் வில்ஃபுக்கு மேஜையில சாப்பாடு இருக்கணும். கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுலயே பஸ் நேரம் பார்த்தவ அவ."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாமல், புதன்கிழமை படியேறி ஆபரேட்டர் சிரிலிடம் போனேன்.

"சிரில் அண்ணே, அஞ்சாவது ரீலை ரெண்டாவதா ஓட்டினா என்ன?"

சிரில் தலையைச் சொறிந்தார். "வேற படமா இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாடியே குழந்தைக்குப் பேர் வெச்சுடுவாங்க. இதுல என்ன, ரீலுக்கு ஒரு கதை. எதை முன்னாடி போட்டா யாருக்குத் தெரியப்போகுது? ரெண்டு சாக்லேட் ஐஸ் கொண்டா."

கொடுத்தேன். ஐந்தாவது ரீலில் கதையோடு சேர்ந்து படத்தின் முடிவும் இருக்கிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

முதல் கதை முடிந்தது. அடுத்து, திரையில் மேவிஸ். ஹில்டாவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த நிஜ மேவிஸ் துள்ளிவிட்டாள். கதையில் அவள் ஒரு விதவை. புருஷனைக் கொன்று ருபார்ப் பாத்திக்கு அடியில் புதைத்திருக்கிறாள். அதிலிருந்து அந்தப் புளிப்புத் தண்டு ஆள் உயரம் வளர்கிறது. காய்கறிக் கண்காட்சியில் வருஷா வருஷம் அவளுக்குத்தான் முதல் பரிசு. கடைசியில் ஒரு காலை, அவள் தண்டைப் பிடுங்க, தண்டு அவளைப் பிடுங்குகிறது. முழங்கால் வரை, இடுப்பு வரை, கழுத்து வரை மண்ணுக்குள் போகிறாள். திரை முழுக்க மேவிஸின் முகம். பிறகு மண் மட்டும்.

அடுத்த நொடி விடுதிக் கதவு திறந்தது, ஐந்து பேரும் பிணங்கள், படம் முற்றும். முப்பது வருஷப் பழக்கம், 'முற்றும்' என்று கண்டதும் சிரிலின் கை தானாக தேசிய கீத இசைத்தட்டில் ஊசியை வைத்துவிட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. தியேட்டர் முழுக்க எழுந்து நின்றது. மேஜர் டாட்ஸ்வெல் கைத்தடியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

ஹில்டா மட்டும் எழுந்திருக்கவில்லை.

கேளுங்கள், ரேடியோவில் அந்தக் கீதம் வந்தால் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு, கத்தியும் கையுமாக நிற்கிறவள் அவள். அன்று இரண்டு கையாலும் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பேசாம இரு. நான் விட்டா நீ உள்ள போயிடுவ."

கீதம் முடிந்தது. நான் தட்டோடு முன்னால் ஓடி, "இடைவேளை" என்றேன்.

"செத்தாச்சு, கீதமும் பாடியாச்சு. இனிமே என்ன இடைவேளை?" என்றார் மேஜர்.

"செத்தவங்களுக்கு என்ன அவசரம் மேஜர்? உட்காருங்க" என்றாள் பின்வரிசை திருமதி பிளம்லி.

மீதிக் கதைகளும் ஓடின. சொல்கிறவன் பிணம் என்று முன்பே தெரிந்துவிட்டதால் கிழங்களுக்கு இன்னும் கொண்டாட்டம். திரையில் ஒருவன் இன்சூரன்ஸ் எடுத்தால் இங்கே சிரிப்பு தாங்கவில்லை.

மூன்றரைக்கு மேவிஸே அக்காவைத் தொட்டாள். "பஸ், அக்கா."

"இந்தக் கடன்காரன் பொண்டாட்டியை அலமாரியில வெச்சுப் பூட்டினானே, இவன் சாகறதைப் பார்த்துட்டுத்தான் வருவேன்."

பஸ் போயிற்று. அன்று வில்ஃப் ரொட்டியும் ஜாமும் தின்றார், செத்துவிடவில்லை.

வெளியே வரும்போது ஹில்டா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "தோட்டத்துக்குப் போறவ எவளாவது அந்தத் தொப்பியைப் போடுவாளா?"

"டைரக்டர் கொடுத்தது, அக்கா."

"முகத்தை மறைச்சுது. அந்த முகத்தைப் போய் மறைப்பாங்களா?"

மேவிஸ் கைக்குட்டையைத் தேட, ஹில்டா தன்னுடையதை நீட்டினாள். இன்னொரு கை அவள் மணிக்கட்டை அப்போதும் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஹில்டா தன் தோட்டத்து ருபார்ப் முழுவதையும் வேரோடு வெட்டி எறிந்தாள் என்று வில்ஃப் சொன்னார்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் தோட்டத்தில் வளர்வதெல்லாம் மேல்நோக்கியே வளரட்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டார் உயிரோடும் சிரிப்போடும் நிற்கட்டும். கையைப் பிடித்துக்கொள்ள பக்கத்து இருக்கையில் எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும்.