நிறம் ஊறட்டும்

நல்லகண்ணு தன் மகளுக்கு இருளம்மாள் என்று பெயர் வைத்தபோது மயிலாடும்பாறைப் பக்கத்தில் சிரிக்காத வாய் இல்லை. பிள்ளை அப்போதுதான் வெடித்த பருத்தி மாதிரி இருந்தது. தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு வீறிட்டது. அந்தப் பிள்ளைக்குப் போய் இருளம்மாளாம்! ஆனால் நல்லகண்ணு விளையாட்டுக்கு வைத்த பெயர் இல்லை அது. குலசாமி இருளப்பன் பெயரை வைத்தால், அவர் தன் நிறத்தில் ஒரு கை அள்ளிப் பிள்ளைமேல் பூசமாட்டாரா என்று நேர்ந்துகொண்டு வைத்தான்.

ஊர் வாய் சும்மா கிடக்குமா? அவன் பெண்சாதி ராக்கம்மாள் வயிற்றில் பிள்ளையோடு வைகை அணை வேலைக்கு மண் சுமக்கப் போனவள். யாரோ ஒரு புண்ணியவான் டீக்கடையில் உட்கார்ந்து, அணைக்கட்டில் எந்தத் துரையைப் பார்த்தாளோ என்று கிசுகிசுத்தான். நல்லகண்ணு நேரே போய் அவன் முன்னால் நின்றான்.

"அங்கன இருந்த எஞ்சினியருக எல்லாம் ஒன்னைய விடக் கருப்புடா. போயிப் பாத்துட்டு வந்து பேசு."

அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. ராக்கம்மாள் மட்டும் அடங்கவில்லை. சாகும்வரை மனதுக்குள் குமைந்துகொண்டே இருந்தாள். மகளுக்கு ஆறு வயதாகும்போது விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நல்லகண்ணு வேறு கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கடலைக் காட்டையும் பத்துப் பதினைந்து ஆடுகளையும் வைத்துக்கொண்டு மகளை வளர்த்தான். அவன் வயதுக்காரர்கள் பெண்பிள்ளைகளைக் களையெடுக்கவும் பருத்தியெடுக்கவும் அனுப்பினார்கள். நல்லகண்ணு அனுப்பவில்லை. தாயில்லாத பிள்ளை, கண் வேறு கூசுகிறது, வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ஊரில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

இருளம்மாள் பெரிய மனுஷியானது எழுபத்தொன்றாம் வருஷம். தேவதானப்பட்டியில் வாக்கப்பட்டிருந்த நல்லகண்ணுவின் தங்கச்சி மூக்கம்மாள் சீர் கொண்டுவந்தாள். அவள் மகன் சின்னக்கருப்புதான் முறைமாப்பிள்ளை. சடங்கு முடிந்து பந்தி எல்லாம் கலைந்த பிறகு நல்லகண்ணு மெல்லப் பேச்சை எடுத்தான். மூக்கம்மாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னாள்:

"என்னண்ணே அவசரம். பிள்ளைக்குக் கொஞ்சம் நெறம் ஊறட்டும், பாப்போம்."

நழுவப் பார்க்கிறவள் சொன்ன சொல். பெண்ணைப் பெற்றவன் காதில் அது வாக்காக விழுந்தது. அன்றிலிருந்து நிறம், நிறம் என்று அவனுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. வெயிலில் நிற்கிறவன் கருக்கிறான், நிழலில் இருக்கிறவன் வெளுக்கிறான். இது தெரிய ஒருத்தன் பள்ளிக்கூடம் போக வேண்டுமா என்ன? மகளை வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் பிசகு என்று முடிவு கட்டினான். கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டினால் மேனி தேறும் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பதினான்கு வருஷம் வெளுத்த மேனிக்கு இளவெயில் எங்கே காணும்? உச்சிவெயில்தான் சரி என்று அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான்.

மறுநாளே ஆரம்பித்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை. மகள் கையிலும் காலிலும் கழுத்திலும் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லி, பாறைமேல் பாயை விரித்து உட்கார வைத்தான். தனியாக விடவில்லை, அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவளுக்குப் பார்வை மட்டு. அந்த வெயிலில் கண்ணையே திறக்க மாட்டாள். அதனால் ரோட்டில் போவதையெல்லாம் இவன்தான் சொல்லுவான். இந்தா தேனி பஸ் போகுது ஆத்தா, இந்தா ஒச்சாண்டி போறான், வேட்டியக் கட்டத் தெரியல பாரு, கெழவனாகியும் தெரியல பாரு. அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாள். ஒரு மணி நேரத்தில் மேலெல்லாம் சிவந்துவிடும். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் முனகுவாள். இவன் மோரை எடுத்துத் தடவிவிடுவான். தோல் உரியும். உரிந்தால் அடியில் இருந்து வேறு நிறத்தில் முளைக்கும் என்று நம்பினான்.

ஒரே ஒரு நாள் அவள் கேட்டாள்: "போதுமாய்யா?"

"இன்னும் சித்த நேரம் ஆத்தா. ஒன் நல்லதுக்குத்தான்."

அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை.

இரண்டாவது வருஷம் முழங்கையிலும் தோளிலும் தவிட்டு நிறத்தில் புள்ளி விழ ஆரம்பித்தது. நல்லகண்ணுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருளப்பனுக்குச் சேவல் அறுத்தான். மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் தேவதானப்பட்டிக்குப் போய், தங்கச்சியிடம் அவள் கையை நீட்டிக் காட்டச் சொன்னான். மூக்கம்மாள் பார்த்தாள்.

"நெறம் வரச் சொன்னா புள்ளிதானண்ணே வந்திருக்கு."

அடுத்த தை மாதம் சின்னக்கருப்புக்குப் பெரியகுளத்தில் பெண்ணெடுத்தார்கள். பத்திரிகை மட்டும் வந்தது. வேறு ஒருத்தனாக இருந்தால் அதோடு பாறையை மறந்திருப்பான். நல்லகண்ணு பிடித்த பிடியை விடாதவன். புள்ளியாக வந்த நிறம் பரவி ஒன்றாகச் சேராமலா போய்விடும்? உலகத்தில் சின்னக்கருப்பு ஒருத்தன்தானா மாப்பிள்ளை? ஏழு வருஷம் உட்கார வைத்தான். மழை பெய்த நாளும் காய்ச்சல் அடித்த நாளும்தான் அவளுக்கு விடுமுறை.

இடது காதுமடலில் சின்னதாக ஒரு பொருக்கு வந்தது. உதிர்ந்து உதிர்ந்து திரும்ப வந்தது. அக்கி என்றார்கள். குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதவைத்தான். மூன்று முறை எழுதியும் ஆறவில்லை. காவிக்கு அடியில் புண் ஆழமாகிக்கொண்டே போனது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. காதுமடலை எடுத்தார்கள். டாக்டர் வந்து விவரம் சொன்ன நேரத்தில் இவன் மகளுக்குக் காப்பி வாங்க வெளியே போயிருந்தான். திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, புத்து நோயாம், சிலருக்கு அப்படி வருமாம் என்று மட்டும் சொன்னாள்.

"எதனாலயாம்?"

"தலையெழுத்துய்யா. அவுகளுக்கு மட்டும் என்ன தெரியும்."

ஊருக்கு வந்த பிறகு பாறைக்கு வரமாட்டேன் என்றாள். வேர்த்தால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். சொன்னால் கேட்க வேண்டியதுதான். இருந்தாலும் வந்த புள்ளியெல்லாம் மறைந்துவிடுமே என்று நல்லகண்ணு உள்ளுக்குள் வருத்தப்பட்டான். புள்ளி மறையவில்லை. கழுத்தில் நெறிகட்டியது. திரும்பவும் மதுரை. இந்தத் தடவை அவர்கள் கத்தியை எடுக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஆட்டை மேய்ச்சலுக்கு அனுப்புவதற்குக்கூட வாசலைத் தாண்டவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் தேனியிலிருந்து கிருபாவதி என்று ஒரு பெண் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தாள். கையில் குடை, தோளில் காகிதம் நிறைந்த பை. மதுரையில் சில டாக்டர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள், தோலில் வரும் புற்று யாருக்கு வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். இருளம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கிருபாவதி அருகில் உட்கார்ந்து, பெயர், வயது, புண் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். நல்லகண்ணு சுவரோரம் குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெயில்ல இருக்கிற வேலை ஏதும் செஞ்சீகளாம்மா?"

இருளம்மாள் சட்டென்று பதில் சொன்னாள். "ஆமாக்கா. பருத்தி எடுக்கப் போவேன். களை வெட்டுவேன். ரொம்ப வருசமா."

நல்லகண்ணுவுக்குச் சுருக்கென்றது. காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாளோ என்று நினைத்தான். இத்தனை வருஷம் பொத்தி வளர்த்த பெருமையைக் காகிதத்தில் தப்பாக எழுதிக்கொண்டு போனால் எப்படி?

"இல்ல தாயி, அத எழுதாதீக. எம் பிள்ளைய ஒரு நாளு காட்டு வேலைக்கு நான் அனுப்புனதில்ல. நிழல்ல வச்சு வளத்தேன்."

"அய்யா, சும்மா இரேன்," என்றாள் மகள்.

"நீ இரு ஆத்தா. நெறம் ஊறணும்னு மத்தியானத்துல எண்ணெய் தேச்சு வெயில்ல உக்கார வைப்போம் தாயி. ஏழு வருசம். அம்புட்டுத்தான். வேலைன்னு ஒரு துரும்பக் கிள்ளிப் போடச் சொன்னதில்ல."

கிருபாவதியின் பேனா நின்றுவிட்டது. இருளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்துப் பொங்கி வழிந்தது, இறக்கி வைக்க ஒருவரும் எழவில்லை. நல்லகண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான்; முட்டாள் இல்லை.

"வெயில எதுக்குத் தாயி கேக்குறீக?"

கிருபாவதி இருளம்மாளைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல. வெயிலுக்கும் இதுக்கும் என்ன?"

"முன்னாடியே சொன்னா பதிலை மாத்திச் சொல்லிருவாகன்னு எங்களைச் சொல்லவிடமாட்டாக அண்ணாச்சி," என்றாள் கிருபாவதி. "நமக்குத் தோல்ல இருக்கிற கருப்புதான் வெயிலைத் தாங்குறது. இவுக மாதிரிப் பிறந்தவுகளுக்கு அது கிடையாது. வெயில் நேரா உள்ள எறங்கிரும்."

அவனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. சிவந்த மேனி, உரிந்த தோல், சேவல் அறுத்துக் கொண்டாடிய புள்ளி. எழுந்து மகளிடம் வந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"ஒனக்குத் தெரியுமா ஆத்தா?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னாகய்யா."

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

இருளம்மாள் கண்ணைத் திறந்து, தெரிந்தும் தெரியாமலும் அவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கப்புறம் நீ தனியா இருக்கணும்லய்யா," என்றாள்.

வெளியே ஆடுகள் கத்தின. கிருபாவதி எழுதியதை அடித்துவிடப் போனாள். வேண்டாம், பருத்திக் காடு என்றே இருக்கட்டும் என்றாள் இருளம்மாள். நல்லகண்ணு கையை நீட்டி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ளத எழுதுனா என்னாகும் தாயி?"

"வேற ஊர்லயும் இப்படிப் பிள்ளைக இருக்காக அண்ணாச்சி. பெத்தவுககிட்டச் சொல்லணும்ல. வெயில்ல விடாதீக, முழுக்கைச் சட்டை போடுங்க, தலையிலயும் காதுலயும் ஒரு துண்டைச் சுத்தி விடுங்கன்னு."

ஒரு துண்டு. அவ்வளவுதானா? அவன் தோளில் கிடந்த துண்டே போதுமாம். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான், ஏழு வருஷமும் கைக்கெட்டும் தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தான்.

"எழுதுங்க," என்றான். "பருத்திக்காட்ட அடிச்சிருங்க. பெத்த அப்பன்தான் உக்கார வச்சான்னு எழுதுங்க."

கிருபாவதி குனிந்து எழுதினாள்.

"அக்கா," என்றாள் இருளம்மாள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஆசையிலன்னும் சேத்து எழுதுங்க."

அந்தக் காகிதத்தில் அதற்கு இடம் இல்லை. கிருபாவதி ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள். நல்லகண்ணு அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.