கொலோன் படத்தில் ஒரு புள்ளி

என் கணவர் இறந்த முப்பத்தோராம் நாள் செபத்துக்காக வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்கிய என் மச்சாள் றோஸ்மலர், சுவரில் இருந்த ஜேர்மனியின் கொலோன் நகரப் படத்தையும் கழற்றிவிட்டாள்.

"படம் எங்கையடி?"

"கண்ணாடி வெடிச்சுப் போச்சு மச்சாள். கோயில் உள்ள படத்தைக் குப்பையில போட ஏலுமே? பழைய குருத்தோலையளோட எரிக்கச் சொல்லிக் கோயில்ல குடுத்திட்டன்."

"அது கும்பிடுற சுருவப் படமில்லையடி!"

"கோபுரம் இருக்குதே."

மறுநாள் விபூதிப் புதன். நெற்றியில் பூசும் சாம்பலுக்காக ஓலைகளை முதல் நாளே எரித்துவிடுவார்கள்.

இலண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு மூன்றே தரிப்பு. பஸ் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்றது.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ மரத்தில் செதுக்கிய சித்திரத்தின் பிரதி அது. றைன் நதி, மதில், நெருக்கியடித்த கூரான கூரைகள். நடுவில் கட்டி முடியாத பேராலயம்; அதன் கோபுரத்து உச்சியில் கல் தூக்கும் மரயந்திரம். என் கணவர் யாக்கோப்பு இலண்டனுக்கு வருமுன் நான்கு வருடம் அங்கே அகதியாக இருந்தார். "நான் இருந்த இடம்" என்று படத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஒருமுறை காட்டினார். பிறகு படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. அந்த வருடங்களைப் பற்றி எப்போது கேட்டாலும் "குளிர்" என்பார், அவ்வளவுதான்.

கோயிலின் பின்முற்றத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் றொனால்ட் தடியோடு, ஓலைகள் எரியும் பீப்பாயருகே நின்றான்.

"ஏனக்கா ஓடி வாறியள்?"

"யாக்கோப்பற்ற படம்..."

"சட்டத்தைக் கழட்டிப்போட்டன். பெரிய தாள், கடைசியாப் போடுவமெண்டு வச்சனான்."

பறித்தேன். புள்ளி பேராலயத்தின் பக்கத்தில் என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் தாள் முழுக்க ஈரம் பட்ட கறைப் புள்ளிகள். எது அவருடையது?

"பென்சில் எண்டால் மினுங்கும். வெளிச்சத்தில சரிச்சுப் பிடியுங்கோ."

பேராலயத்தருகே ஒன்றும் மினுங்கவில்லை. மதிலுக்குள் எங்குமே இல்லை. முப்பது வருடமாகச் சட்டம் மறைத்திருந்த கீழ் விளிம்பில் ஒன்று மினுங்கியது. நதியின் இந்தக் கரையில், படம் வரைந்தவன் நின்று பார்த்திருக்கக்கூடிய இடத்தில்.

"அது ஊருக்கு வெளியில எல்லோ?" என்றான் றொனால்ட்.

"ஓம்," என்றேன்.

தாளைச் சுருட்ட மனம் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் இரண்டு கைகளாலும் விரித்தே பிடித்திருந்தேன், விளிம்பில் விரல் பட்டுவிடாமல்.