விமலா மடியில் மட்டும் எண்பத்து நான்கு கிலோ

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் விமலா பெற்ற பெண் குழந்தை, மற்றவர்கள் தூக்கினால் நான்கு கிலோவும் பெற்றவள் தூக்கினால் எண்பத்து நான்கு கிலோவும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் தொட்டிலிலிருந்து எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டில் விரிசல் விழுந்தது. மாமியார் முத்தாயி ஒற்றைக் கையால் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "எல்லாம் சோம்பல்" என்றாள். பழக்குலை லாரி ஓட்டும் கணவன் புனிதன் இருவரையும் லாரியில் ஏற்றி ஆலைத் தராசுக்கே கொண்டுபோனான். பிள்ளை அவன் மடியிலிருந்து விமலா மடிக்கு மாறியதும் எண்பது கிலோ கூடியது. தராசில் கணக்கெழுதும் கிராணி எடைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு விமலா பிள்ளையைத் தொடவில்லை. தலை வாராமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். பிள்ளையைப் பார்த்தால் தனக்கு ஒன்றுமே தோன்றாததும், அது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்ற பயமும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கிளினிக் தாதி ஜாஹிதா வீட்டுக்கு வந்தபோது சீட்டைப் படித்து ஆச்சரியப்படவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்தாள். முத்தாயியிடம், "இது சோம்பல் இல்லம்மா, சீக்கு. பிள்ள பெத்தவங்களுக்கு வரும்" என்றாள். விமலாவிடம், "தூக்கவே வேணாம். பக்கத்துல படுத்து, மனசுல இருக்கிறத அதுகிட்ட சொல்லுங்க. பொய் மட்டும் வேணாம்லா" என்றாள்.

"உன்னப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல" என்றாள் விமலா. பிள்ளை கொட்டாவி விட்டது. அன்று மாலை ஆலைத் தராசில் அவள் மடியில் ஆறு கிலோ குறைந்தது. "உன்ன விட்டுட்டு பஸ் ஏறிடலாம்னு இருந்தேன்" என்றதற்கு ஒன்பது கிலோ. ஒரு நாள் ஊருக்காக, "நீதான் என் உசுரு" என்றாள். நான்கு கிலோ ஏறிக்கொண்டது. கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த முத்தாயி உள்ளே வந்து உட்கார்ந்து, "புனிதன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல" என்றாள். அதற்கே இருபது கிலோ இறங்கியது. பிறகு அவள் மருமகளுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஏழாம் மாதம் பிள்ளை அழுதபோது விமலா சமையலறையிலிருந்து வந்து தூக்கி, பாட்டு முணுமுணுத்தபடி வாசல்வரை நடந்த பிறகுதான், தூக்கியிருப்பதையே கவனித்தாள். அங்கேயே நின்று அழுதாள். தராசில் பதினைந்து காட்டியது, மற்றவர்களுக்கு எட்டு.

அந்த ஏழு கிலோ இன்றுவரை குறையவில்லை. மகளுக்கு இப்போது மூன்று வயது. பாசாரில் யாராவது, "இங்க குடு, நான் தூக்குறேன்" என்று கை நீட்டினால், "வேணாம்லா, பழகிருச்சு" என்று மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மீன் பார்க்கப் போய்விடுகிறாள்.