மோசேயின் செருப்பு

கடலூர் கலியமூர்த்தி இதுவரை செய்ததெல்லாம் தலைவர்கள் சிலை. வேட்டி, துண்டு, மூக்குக்கண்ணாடி, காலில் தோல் செருப்பு. அவரிடம் போய் மோசே சிலை வேண்டுமென்று கேட்டால் என்ன வரும்? தாடியும் கோலும் அருமையாக வந்தன. கூடவே செருப்பும் வந்துவிட்டது. கைக்கடிகாரம் கட்டிவிடாமல் இருந்தாரே, அதுவே பெரிய புண்ணியம்.

அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. தப்பு ஜெயராணியுடையது. சபைக் கமிட்டிச் செயலாளர் அவள். சிதம்பரத்தில் பேங்க் உத்தியோகம். கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் செய்து, "காலுக்கு என்னா மேடம் போடறது?" என்று அவர் கேட்க, "வழக்கமா போடறதயே போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடைவீதி முனையில், சபைக்குச் சொந்தமான இடத்தில் சிலையை நிறுத்தியாகிவிட்டது. மறுநாள் திறப்பு. அப்போதுதான் கமிட்டி உறுப்பினர் அன்புமணியின் கண் மோசேயின் காலுக்குப் போனது.

"என்னாக்கா இது? இது பரிசுத்த பூமி, செருப்பைக் கழட்டுன்னு ஆண்டவரே இவருகிட்ட சொன்னாரு. அவரு காலுல போயி மாட்டிவுட்டிருக்கீங்களே!"

பாஸ்டருக்கும் அது சரியென்றே பட்டது. "கொத்தி எடுத்துடலாம் செக்ரட்டரியம்மா. நாளைக்கு ஊரே வருது." ஜெயராணிக்கு முகம் செத்துவிட்டது. சரியென்று தலையாட்டினாள்.

மத்தியானம் கலியமூர்த்தி உளியோடு வந்தார். பாஸ்டரும் அன்புமணியும் ஜெயராணியும் கூட நின்றார்கள். பீடத்தில் ஏறி, மோசேயின் வலது பாதத்தருகே உட்கார்ந்து, வாரின் மேல் உளியை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஜெயராணியின் அப்பா சாமிக்கண்ணு சிலையைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். வெறுங்கால். போன மாதம் மகள் வாங்கித் தந்த புதுச் செருப்பு அக்குளில் இருந்தது.

அவர் அப்படித்தான். காலனி ஆட்கள் இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஜெயராணியின் மேசைக்கு முன்னால் மேடம், மேடம் என்று நிற்கிறார்கள். ஆனாலும் கடைவீதி வந்தால் அவர் கை தானாகக் கீழே போகும். "மானத்த வாங்காதப்பா" என்று எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள். "தெரு தாண்டுனதும் போட்டுக்கறம்மா" என்பார், அவ்வளவுதான்.

வெயிலில் கால் மாற்றி மாற்றி வைத்து அவர் வருவதைப் பார்த்தாள். உளியைப் பார்த்தாள்.

"நிறுத்துங்கண்ணே! கொத்தாதீங்க."

கலியமூர்த்தியின் சுத்தியல் பாதியில் நின்றது. "ஏம்மா?" என்றார் பாஸ்டர். "நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"அவரு கழட்டுனது ஆண்டவர் முன்னாடி பாஸ்டர். இது கடைவீதி. இங்க எவன் முன்னாடியும் அவரு கழட்ட வேணாம். கேக்கறவங்கள எங்கிட்ட அனுப்புங்க. வேணும்னா செக்ரட்டரி பதவியையும் எடுத்துக்குங்க."

அன்புமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனும் அதே காலனிதான். சாமிக்கண்ணுவின் காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பாஸ்டர் கலியமூர்த்தியிடம், "எறங்கிடுங்க" என்றார்.

சாமிக்கண்ணு சிலைக்கு முன்னால் வந்து நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தாடியைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், கடைசியில் காலைப் பார்த்தார். அங்கேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்குளிலிருந்த செருப்பை எடுத்துக் கீழே போட்டார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு காலை நுழைத்தார். பிறகு அடுத்த காலை.

"தாரு ஜாஸ்தியா சுடுதும்மா" என்றார் மகளிடம், மன்னிப்புக் கேட்பதுபோல.

"ஆமாம்ப்பா" என்றாள் ஜெயராணி. அவர் பிறந்த நாளிலிருந்தே அந்தத் தெரு சுட்டுக்கொண்டுதான் இருந்தது.