அட்டை உலைக்கு வாங்கிய கோட்டு

சர்வதேச எஃகுக் கண்காட்சியில் கும்மிடிப்பூண்டி எஃகு ஆலை முதலாளி ஜனார்தனன் ஸ்டால் போட்டார். சும்மா ஸ்டாலா அது? அட்டையில் ஓர் உலை, உள்ளே சிவப்பு பல்பு, பக்கத்தில் பளபளவென்று வெப்பம் தாங்கும் கோட்டு மாட்டிய நிஜத் தொழிலாளி. அந்த ஆள் அன்புராஜ். பன்னிரண்டு வருஷமாக நிஜ உலை முன்னால் வெறும் சட்டையோடு நின்று இடது கையை வேகவைத்துக்கொண்டவன். பல்பு நெருப்புக்குத்தான் அவனுக்குக் கோட்டு கிடைத்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது!

"இந்தக் கோட்ட எனக்கே குடுத்துடுங்க சார்."

"ஆர்டர் வரட்டும், உனக்குத்தான்" என்றார் முதலாளி.

எஃகு வாங்க வந்த போலந்துக்காரர் ஒருவர் கோட்டைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போய், நாளைக்கே ஆலைக்கு வருகிறேன் என்றுவிட்டார். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். உலையில் ஆள் ஐந்து, கோட்டு ஒன்று. மறுநாள் மற்ற நாலு பேரையும் கேன்டீனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"இன்னாடா, எங்க மூஞ்சியப் பாத்தா வெள்ளக்காரன் பயந்துடுவானா?" என்று உள்ளே போகும்போதே அன்புராஜிடம் சிரித்தார், நாலு பேரில் ஒருவரான சின்னதுரை. கை வெந்த அன்று அன்புராஜைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

"கொஞ்ச நேரம்ணா. டீ குடிச்சிக்கினு குந்துங்க" என்றான் அன்புராஜ்.

இவ்வளவு பெரிய உலைக்கு ஒரே ஆளா என்று போலந்துக்காரர் வியந்தார். மிச்சமெல்லாம் மெஷின் என்று முதலாளி கூசாமல் புளுகினார். வந்தவர் நம்பவில்லை. ஆலையின் மார்க்கெட்டிங் ஆபீசர் கமலினியை விட்டு அன்புராஜையே கேட்கச் சொன்னார்.

"நீங்க மட்டும்தான் பாக்கறீங்களான்னு கேக்கறாரு."

அன்புராஜ் கேன்டீன் கதவைப் பார்த்தான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உலைச்சூடு அவன் தோலைத் தொடவில்லை.

"ஆமாம்மா, நான் மட்டும்தான்."

போலந்துக்காரர் லேசுப்பட்டவரா? ஆள் செலவே இல்லையென்றால் விலையைக் குறை என்று அங்கேயே கழுத்தைப் பிடித்தார். புளுகிய வாயால் மறுக்க முடியுமா? முதலாளி விலையைக் குறைத்தார். அதை ஈடுகட்ட ஆளையும் குறைத்தார்.

திங்கட்கிழமை காலை நாலு பேரையும் செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டான். விஷயம் தெரிந்து அன்புராஜ் கோட்டோடு வெளியே ஓடினான். அவர்களைப் பார்த்ததும் அழுதுவிட்டான். சின்னதுரை கோட்டின் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

"உள்ள போ நைனா, அஞ்சு பேர் வேல கெடக்குது. இதுக்குள்ள ரொம்ப வேர்க்கும், தண்ணி நெறைய குடி."