ரெக்ஸின் வெறுங்கழுத்து

முப்பத்தொரு வருடம் டி.டி.ஆராக இருந்து ஓய்வுபெற்றவன் நான், அந்தோணிராஜ். அடையாள அட்டை இல்லாதவர் சொல்லும் காரணம் எதையும் நம்பியது கிடையாது. போத்தனூரில் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குத் தலைவரானதும் முதல் வேலையாக ஒரு விதி போட்டேன்: கழுத்தில் பட்டையும் வீட்டு எண் வில்லையும் இல்லாத நாய் வளாகத்தில் தென்பட்டால், நாய் வண்டிக்குத் தகவல் போகும்.

அந்த விதியில் முதலில் மாட்டியது என் வீட்டு நாய்தான்.

ரெக்ஸுக்கு எதையும் தாங்காத தோல். நைலான் பட்டை கட்டினேன், கழுத்தைச் சுற்றிச் சிவந்தது. தோல் பட்டைக்குப் புண்ணே வந்தது. என் மனைவி விமலாராணி பழைய பருத்திப் புடவையில் மெத்தென்று ஒன்று தைத்தாள். அதற்கும் சொறிந்து தள்ளியது. கழுத்தில் ஒரு நூல்கூடக் கட்டாதீர்கள் என்ற டாக்டர், தோலுக்கடியில் அரிசி அளவு சிப் ஒன்றை வைத்து அனுப்பினார். உள்ளே இருக்கும் சிப் காவலாளி கண்ணுக்குத் தெரியுமா? நான் விதியையும் மாற்றவில்லை, பட்டையும் கட்டவில்லை. தலைவரை யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

மூன்றாம் மாடி எபினேசர் கேட்டார். அவருடைய பொமரேனியனுக்கு நான் எழுதிய எச்சரிக்கைக் கடிதங்களை மறக்கவில்லை போலிருக்கிறது. கதவு திறந்திருந்த சமயம் ரெக்ஸ் கீழே இறங்கியதும் வண்டிக்குப் போன் போட்டுவிட்டார். விதிப்படி செய்தவரை என்ன சொல்ல? விமலா அந்த நிமிடமே என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள், வண்டி பிடித்துப்போன நாய்களை அடைத்துவைக்கும் காப்பகத்துக்குப் போனோம். எதற்கும் "ஏனுங்க" என்று ஆரம்பிப்பவள், பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். காப்பகப் பொறுப்பாளர் சிக்கந்தர், சிப் படிக்கும் கருவி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார். ஐந்து மணிக்குள் எங்கள் நாய் என்று நிரூபிக்காவிட்டால், உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் ஒருவர் காவலுக்குக் கூட்டிப் போய்விடுவாராம். அப்போதே மணி நாலரை. கூண்டில் ஒரே பழுப்பில் ஏழு நாய்கள். பொய் சொல்வானேன், எனக்கே எது என்று தெரியவில்லை. மூலையில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்ததை விமலா உடனே காட்டினாள்.

"வாயில சொன்னாப் பத்தாதுங்க," என்றார் சிக்கந்தர்.

எத்தனையோ ஆயிரம் பயணிகளிடம் நான் சொன்ன வாக்கியம். அவர்கள் முகமெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். "ரெக்ஸ்" என்றேன். இன்னும் சத்தமாக, ஐந்து தடவை. வால்கூட அசையவில்லை. அதுவும் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டது போல. தோப்புக்காரரின் வேன் வாசலில் வந்து நின்றது.

"ஏனுங்க," என்றாள் விமலா.

ஒரு நாள் முழுக்க நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. "சொல்லு விமலா" என்று திரும்பினேன். அவள் பார்வை கூண்டில் இருந்தது. மூலையில் கிடந்தது துள்ளி எழுந்து ஓடிவந்து, கம்பி வழியே அவள் கையை நக்கியது. ரெக்ஸ் என்று பெயர் வைத்ததோடு என் வேலை முடிந்தது. அந்தப் பெயரால் யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. காலையிலிருந்து இரவு வரை வீட்டில் கேட்கும் அந்த "ஏனுங்க"வைத்தான் அது தன் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறது.

சிக்கந்தர் சிரிக்காமல் பதிவேட்டில் எழுதினார். நாயின் பெயர்: ஏனுங்க. உரிமையாளர்: விமலாராணி. எனக்குச் சாட்சிக் கையெழுத்து.

திரும்பும்போது ஆட்டோவில் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல அந்த விதிய எடுத்துப்போடுங்க," என்றாள் விமலா.

விதியை நாயால் எடுக்க முடியாது. ஆகவே என்னிடம்தான் பேசுகிறாள் என்று புரிந்தது. சந்தோஷமாகச் சரி என்றேன்.