முருகையனுக்கு இன்னும் வந்து சேரவில்லை

வேங்கிக்கால் முருகையனுக்கு டீ சுடுவது, அதைக் குடித்து இருபது நிமிஷம் கழித்துத்தான். காலை ஆறரைக்கு கோபி கடையில் ஆவி பறக்கும் கிளாஸை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, பைக்கை உதைத்துக் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கிளம்பிவிடுவான். ஆறு ஐம்பதுக்கு, எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறானோ அங்கே வண்டியை ஓரங்கட்டி, நாக்கை வெளியே நீட்டி "ஸ்ஸ்" என்பான். பின்னால் வரும் பஸ் டிரைவர்களுக்கு அது பழகிப்போனது. ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள்.

அவனுக்கு வேலை, இளவரசனுடைய மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில். தாய் மீனுக்கு ஊசி போடுவது, முட்டை சுழலும் வட்டத்தொட்டியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது, குஞ்சுகளைப் பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் குளத்துக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு குளத்தங்கரையிலும் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். பையை எடுத்தவுடன் அவிழ்க்கக் கூடாது. கட்டியபடியே குளத்தில் மிதக்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் வாயை அவிழ்க்கலாம். வித்தியாசம் கம்மி என்றால் இருபது நிமிஷம், ஜாஸ்தி என்றால் அதற்குத் தக்கபடி. இதை அவன் சொல்லாத ஆளே அந்தப் பக்கம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது சித்திரையில், சுப்பன் என்பவருடைய குளத்தில்தான் அது நடந்தது. மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகிற அவசரம் சுப்பனுக்கு. "ஏம்பா, இது இன்னா முட்டையா, வேவறவரைக்கும் காத்துக்கினு இருக்க? அவுத்துக் கொட்டு, பஸ்ஸு போயிடும்" என்று கரையில் நின்று விரட்டினார். முருகையனுக்கு என்ன தோன்றியதோ, அவிழ்த்துக் கொட்டினான். ஆறு பை, ஆறாயிரம் குஞ்சு. சுப்பன் பற்றவைத்த பீடி பாதி எரிவதற்குள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்துவிட்டன. கத்திக் கத்தி ஓய்ந்து சுப்பன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். முருகையன் சாயங்காலம்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையிலிருந்துதான் டீ இருபது நிமிஷம் தாமதமாகச் சுட ஆரம்பித்தது.

முதலில் சர்க்கரை வியாதி என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை இல்லை. நரம்பு டாக்டர் ஒருவர் முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், கால் அசையவே இல்லை. கீழே மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அது படக்கென்று உதறி, முன்னால் நின்ற வாத்தியாரின் பின்பக்கத்தில் பட்டது. மன்னிப்புக் கேட்டான். வெட்கம் மட்டும் ராத்திரி சாப்பாட்டின்போது வந்தது. வலையில் சிக்கிய கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிய வலி மறுநாள் மத்தியானம் ரேஷன் கடையில் வந்தது. அவன் போட்ட கூச்சலில், எடை போடுகிறவர் தன்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்து, அரிசியைச் சரியாக நிறுத்துக் கொடுத்தார். பெரிய சங்கதி என்றால் அதிக நேரம், சின்னது என்றால் கொஞ்ச நேரம், பையின் கணக்கேதான் என்று முதலில் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு ஜோதியம்மாள். அந்தத் தெருவில் யார் வீட்டில் எத்தனை விசில் வருகிறது என்பதே அவளுக்குத் தெரியும், இது தெரியாதா?

முருகையனின் மனைவி அருணாதேவி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். அவள் இதற்கு வசதியாகவே பழகிக்கொண்டாள். காலையில் அவள் போட்ட சண்டைக்கு அவன் சாயங்காலம் கோபித்துக்கொண்டு வருவான். அதற்குள் அவளுக்கு எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்திருக்கும். "இன்னாத்துக்குய்யா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருக்க?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் அவனுக்குத் தூங்கப் போகும்போதுதான் வந்து சேரும். தனியாகப் படுத்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மாசி மாதம் ஒரு காலையில், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அருணாதேவி அதன் பக்கத்தில் சாய்ந்து விழுந்து செத்துப்போனாள். மாரடைப்பு. முருகையன் மீன் வாடையோடு வந்து சேர்ந்தான். செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தான், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், பந்தல் போட வந்த கலையரசனிடம் கம்பு எங்கே நட வேண்டும் என்று காட்டினான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அருணாவின் அண்ணன் கண்ணாயிரம் சுடுகாட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எந்தங்கச்சி இருபத்தோரு வருஷம் ஒரு கம்பத்துக்கூடதான் குடும்பம் நடத்தியிருக்குறா" என்று சொல்லிவிட்டு, காரியத்துக்குக்கூட வராமல் போய்விட்டார். ஒரே மகள் கீர்த்தனாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினாறாம் நாள் முடிந்த பிறகு, "ஏம்பா நீ அழவே இல்ல?" என்று கேட்டாள். "எனக்கு இன்னும் வந்து சேரல கண்ணு" என்றான். அம்மா செத்த வீட்டில் இது என்ன பேச்சு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பை முடித்து, சென்னையில் வேலை தேடிக்கொண்டு போனவள், தீபாவளிக்கு மட்டும் போன் செய்து "சாப்ட்டியா" என்பாள். "சாப்ட்டேன்" என்பான். அவ்வளவுதான் அப்பனுக்கும் மகளுக்கும்.

முருகையனுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்றால், ஒன்றுமாகவே இல்லை. சோறு வைத்தான், தின்றான், பொரிப்பகம் போனான். அவள் புடவைகள் கொடியில் கிடந்தால் மடித்து வைத்தான், வெறும் துணியை மடிப்பது போல. வருகிற வழியில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அது வருவதற்குள் மகள் முழுசாகக் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று ஒரு நினைப்பு, பயம்கூட இல்லை, நினைப்பு. தெருவுக்குத்தான் பொறுமை இல்லை. கம்ப்யூட்டர் சென்டர் அருண்பிரசாத் முள் குத்தியதையும் டீயையும் வைத்துக் கணக்குப் போட்டு, அடுத்த ஆடி என்றான். ஆடி வந்தது, போனது. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிவிட்டு ஊருக்குப் போனது. ஜோதியம்மாள் தினமும் கோலம் போடும் சாக்கில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் இல்ல" என்று உள்ளே போய்ச் சொல்லுவாள்.

போன வருஷம் ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு வந்தது. வட்டத்தொட்டியில் ரோகு முட்டை ஜவ்வரிசி மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. பார்ப்பதற்காக ஒரு கிண்ணம் மொண்டான். முதலில் உளுந்து வாடை அடித்தது. அப்புறம் கிரைண்டர் சத்தம். கிண்ணத்தைப் பத்திரமாகத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அலற ஆரம்பித்தான். இளவரசன் ஓடிவந்து, "அண்ணே, இன்னா ஆச்சுண்ணே?" என்றான்.

"அருணா செத்துட்டாடா."

"எப்பண்ணே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"இப்ப."

இளவரசன் அங்கிருந்த இன்னொரு ஆளிடம் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவனை வண்டியில் ஏற்றினான், தெருவுக்குப் போன் செய்தான். அவர்கள் வந்து சேருவதற்குள் பந்தல் போட்டாகிவிட்டது. கலையரசனுக்குக் கம்பு எங்கே நட வேண்டும் என்று இந்தத் தடவை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அருணாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். யார் செத்தது என்று கேட்ட ஆட்டோக்காரரிடம், "மூன்றரை வருஷம் முந்தி செத்த அம்மா" என்றார்கள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். கண்ணாயிரம் மாலையோடு வந்தார். "மாப்ள, நான் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றார். அது அவனுக்கு எப்போது போய்ச் சேருமோ.

ஜோதியம்மாள் கீர்த்தனாவைக் கூப்பிட்டு, "ஒங்கப்பாவுக்கு வந்துடுச்சுடி, கெளம்பி வா" என்று மட்டும் சொன்னாள். மகள் மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சின்ன வயதில் லீவு நாட்களில் அவன் பைக்கில் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ குளத்தங்கரைக்குப் போனவள். அவனைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் ஒட்டாமல் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒருத்தி "அப்பாகிட்ட பேசுமா" என்றதற்கு, ஜோதியம்மாள், "சும்மா இரு, மெதக்கட்டும்" என்று அதட்டினாள். இருபது நிமிஷம் ஆனது. அவன் திரும்பி மகளைப் பார்த்தான்.

"அன்னிக்குக் கிரைண்டர்ல மாவு அப்படியே இருந்துச்சே கண்ணு. யாரு அள்ளுனது?"

"நான்தாம்பா."

"தனியாவா?"

"ஆமாப்பா. புளிச்சுப்போயி கை எரிஞ்சுது." அதன் பிறகுதான் அவள் கையை அவன் கைமேல் வைத்தாள்.

போன தை மாதம் கீர்த்தனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எழில் கூட வேலை செய்கிற பையன், வீட்டுக்கு வந்துபோய் விவரம் தெரிந்தவன். மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போதும் சரி, இரண்டு பேரும் காலில் விழுந்தபோதும் சரி, முருகையன் நட்ட கம்பம் மாதிரி நின்றான். போட்டோக்காரர், "சார், பொண்ணு கல்யாணம், கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினார். "அவரு சிரிக்கிறதுக்கு மூணு நாலு வருஷம் ஆவும், நீ எடுப்பா" என்றாள் ஜோதியம்மாள். அருண்பிரசாத் இரண்டாயிரத்து இருபத்தொன்பது ஆவணி என்கிறான். அவன் கணக்கை யாரும் நம்புவதில்லை, ஆனாலும் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த மாதத்துக்கு நாதஸ்வரக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. கூறைப்புடவையை அதுவரைக்கும் கட்ட வேண்டாம், துவைத்து அப்பா வீட்டு பீரோவிலேயே வைக்கட்டும் என்று கீர்த்தனா சொல்லிவிட்டாள். எழிலும் தன் பட்டு வேட்டியை அதன்மேல் வைத்தான். பந்தியில் முருகையன் பாயசத்தைச் சூட்டோடு சூடாகக் குடித்துவிட்டு, கை கழுவி, மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தான். இருபது நிமிஷம் கழித்து "ஸ்ஸ்" என்று நாக்கை நீட்டினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.